புதுப் பச்சோந்தி கறுத்துப்போய் நிற்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் தேடும் வழி

பச்சோந்தி வீட்டுக்கு வரும் முதல் நாள் எல்லா வீட்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கழிகிறது. கூண்டை ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் வைப்போம், வருகிறவர்கள் பார்க்க வசதியாக இருக்குமே என்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். "அங்கிள், சிவப்புச் சட்டை கிட்ட வச்சா சிவப்பாகுமா?" என்று ஒருவன் கேட்பான். நாமும் ஆசையாகக் கையில் எடுத்துக் காட்டுவோம். சாயங்காலத்துக்குள் பச்சையாக வந்த பிராணி காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய், கிளையோடு கிளையாக ஒட்டிக் கிடக்கும். ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் வரும்: "அண்ணே, செத்துகித்துப் போயிடுமா?"

பெரும்பாலும் சாகாது. பயந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயத்தைப் போக்குகிறேன் என்று நாம் செய்கிற காரியங்கள்தான் அதை நோயில் கொண்டுபோய் விடுகின்றன. ஒரே நாளில் விளக்கை மாற்றுவது, வைட்டமின் சொட்டு விடுவது, வாயைப் பிளந்து ஊட்டுவது, வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுவது எல்லாம் நடக்கும். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை மனிதனுக்கு மட்டும் சொன்னதல்ல. ஓணான் தரப்பிலும் அதே கதைதான்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். நம்மூர் வேலியிலும் புளியமரத்திலும் தென்படும் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பதற்கான குறிப்பல்ல இது. அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம், பிடிப்பதே குற்றம். நான் பேசுவது கூண்டிலேயே பிறந்து வளர்ந்து விற்பனைக்கு வரும் யெமன் பச்சோந்தியைப் பற்றி. கடைக்காரர்கள் 'வெய்ல்ட்' என்பார்கள். யெமனும் தென்மேற்குச் சவுதியும் இதன் சொந்த ஊர். தலையில் உயரமான கொண்டை இருக்கும். ஆணுக்குப் பின்னங்கால் குதிகாலில் சின்ன முள் போன்ற துருத்தல் பிறந்ததிலிருந்தே உண்டு, பெண்ணுக்கு இல்லை. இதை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஓரிடத்தில் தேவைப்படும். இதுவும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் 2ஆம் பின்னிணைப்பில் உள்ள இனம்தான். இந்தியாவில் வைத்திருப்பவர்கள் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். விற்பவரிடம் காகிதம் கேளுங்கள். இல்லை என்று மழுப்பினால் வாங்காதீர்கள்.

முதலில் இந்த ஐந்தைப் பாருங்கள்

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் குறிப்பை மூடிவிட்டு, ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் போங்கள். வீட்டு வைத்தியத்துக்கு இவற்றில் இடமில்லை.

- விளக்கு எரியும் பகல் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.
- தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்து, சத்தத்தோடு மூச்சு விடுவது. வாயோரம் சளி அல்லது நுரை.
- கிளையைப் பிடிக்க முடியாமல் விழுவது, கால் வளைந்திருப்பது, கை கால் வெடவெடவென்று உதறுவது, நாக்கு பாதி தூரமே போய் நிற்பது. இது பெரும்பாலும் கால்சியமும் புற ஊதா ஒளியும் போதாமல் எலும்பு மென்மையாகிப்போன நிலை.
- வீக்கம், தீக்காயம், வாயோரத்தில் சீழ்.
- பெண் பச்சோந்தி வயிறு பருத்து, சோர்ந்து, கூண்டின் தரையிலேயே கிடப்பது.

இந்தப் பிராணிகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். காட்டில் பலவீனத்தைக் காட்டினால் பறவை தூக்கிப் போய்விடும். ஆகவே நம் கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது என்றால், உள்ளே பல நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஐந்தும் இல்லையா? சரி, மேலே போகலாம்.

அளந்துவிட்டுப் பேசுங்கள்

கையால் தொட்டுப் பார்த்து "சூடாத்தான் இருக்கு" என்று சொல்வதில் பயனில்லை. ஊசி முனை வெப்பமானி ஒன்று, ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்று, ஒரு நோட்டு. இவை மூன்றும் இல்லாமல் கீழே உள்ள எதையும் சரிபார்க்க முடியாது.

வெயில் காயும் கிளையில், பச்சோந்தியின் முதுகு வரும் உயரத்தில், வளர்ந்ததற்கு 29 முதல் 31 டிகிரி செல்சியஸ் போதும். குட்டிக்கு 27–28. கூண்டின் கீழ்ப்பகுதி 22–25 இருந்தால் நல்லது. ராத்திரி இன்னும் இறங்க வேண்டும். 18 வரை போனாலும் அதற்குச் சுகம்தான். சென்னை மே மாதத்தில் இதைப் படித்தால் சிரிப்பு வரும். வீட்டுக்குள்ளேயே 33 இருக்கிற நாளில் வெயில் விளக்கைப் போடவே போடாதீர்கள், யுவிபி (புற ஊதாக் கதிர் தரும்) குழல் விளக்கு மட்டும் எரியட்டும். ஏசி போடலாம், காற்று நேராகக் கூண்டில் அடிக்கக் கூடாது.

யுவிபி விளக்கு என்றால் டி5 என்று விற்கும் நீளமான, மெல்லிய குழல் விளக்கு. உருண்டையாகச் சுருட்டிய சிறு பல்பு போதாது. வலைமேல் வைத்த குழலுக்கும் முதுகுக்கும் இடையே 20–25 செ.மீ. இருக்கட்டும். கண்ணாடி இந்தப் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால் "ஜன்னல் பக்கம் வெயில் படுதே" என்பது கணக்கில் வராது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துவிடும், வருடத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும்.

ஈரப்பதம் பகலில் 40–50 சதவீதம், இரவில் அதைவிடக் கூடுதல். கடலோர ஊர்க்காரர்களுக்கு ஈரம் ஒரு பிரச்சினையே இல்லை, காற்றோட்டம்தான் பிரச்சினை. மீன் தொட்டியில் பச்சோந்தி வைப்பது இங்கே நுரையீரலுக்கு வைக்கும் வேட்டு. வலைக்கூண்டுதான் சரி. வளர்ந்ததற்கு 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 120 செ.மீ. உயரம்.

அறிகுறி: கறுப்பாக அல்லது அடர் பழுப்பாக இருக்கிறது

முதலில் அந்தச் சிவப்புச் சட்டைக் கதையை விட்டுவிடுவோம். பின்னால் இருக்கும் பொருளைப் பார்த்து அது நிறத்தை நகல் எடுப்பதில்லை. 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியில் இதை விளக்கினார்கள். தோலுக்குள் குவானின் என்ற பொருளாலான நுண்படிகங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பிராணி நிதானமாக இருந்தால் அவை நெருங்கி நின்று நீலத்தை எதிரொளிக்கும், மேலே உள்ள மஞ்சளோடு சேர்ந்து நமக்குப் பச்சையாகத் தெரியும். எதிரியைக் கண்டு கிளர்ச்சியடைந்தால் படிகங்கள் விலகி, மஞ்சளும் சிவப்பும் எழும். கறுப்பு வேறு வழியில் வருகிறது. மெலனின் நிறமி தோலின் மேல்பக்கம் பரவும்போது உடம்பு கறுக்கிறது.

அது ஏன் பரவுகிறது என்பதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள். ஒன்று குளிர்: கறுத்த உடம்பு சூட்டைச் சீக்கிரம் வாங்கும். மற்றொன்று சரணாகதி. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் யெமன் பச்சோந்தி ஆண்களை எதிரெதிரே விட்டுப் பார்த்தார்கள். சண்டையில் தோற்கிறது கறுத்துவிடும், ஜெயித்தது அதோடு விட்டுவிடும். 2014இல் வெளியான ஆய்வு இது. உங்கள் ஹாலில் கறுத்து நிற்பதும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது: "நான் தோத்துட்டேன், விட்டுடு." யாரிடம் தோற்றது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

நேரத்தை வைத்துப் பிரியுங்கள். காலையில் விளக்கு போட்ட முதல் அரைமணி, முக்கால்மணி மட்டும் கறுப்பு. அதுவும் உடம்பைத் தட்டையாக்கி விளக்குப் பக்கம் ஒரு விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பிறகு பச்சைக்கு வந்துவிடுகிறது என்றால் அது வெயில் காய்கிறது, வேறொன்றுமில்லை. மத்தியானமும் அப்படியே விளக்கடியில் கறுத்து நின்றால் சூடு போதவில்லை, வெப்பமானியைப் பாருங்கள். விளக்கை விட்டு விலகி, இலைக்குள் பதுங்கி, வாலைச் சுருட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கறுப்பு என்றால் பயம்.

பயம் என்றால், அது உட்காரும் இடத்தில் உங்கள் கண்ணை வைத்துச் சுற்றிலும் பாருங்கள். நான் முதல் பச்சோந்தி வாங்கியபோது நான்கு நாள் கரியாக நின்றது. விளக்கை மாற்றினேன், செடியை மாற்றினேன், கால்சியம் டப்பாவையே மாற்றினேன். ஐந்தாம் நாள் அம்மா காப்பித் தம்ளரோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "ஒரு கண்ணு ஃபேனையே பாத்துட்டு இருக்குடா" என்றார். அதுதான். அதன் இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும். ஒன்று என்னைப் பார்க்கும்போது மற்றது மேலேயே நிலைத்திருந்திருக்கிறது. தலைக்கு மேல் இறக்கை விரித்துச் சுழலும் ஒன்றைப் பச்சோந்தி பருந்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். கூண்டை மூலைக்கு நகர்த்தினேன். மறுநாள் மாலை பச்சை எட்டிப் பார்த்தது.

நம் வீடுகளில் பயத்துக்குக் காரணமாகிறவை பெரும்பாலும் இவைதான்: சீலிங் ஃபேன், ஜன்னல் கம்பியில் வந்து உட்காரும் காக்கை, கூண்டுக்கு எதிரே பீரோக் கண்ணாடி, கூண்டின் கீழே படுத்திருக்கும் பூனை, ஆள் நடமாட்டம் ஓயாத வாசல் பக்கம். கண்ணாடியைச் சிலர் நம்ப மாட்டார்கள். தன் பிம்பம் அதற்கு இன்னொரு ஆண். நாள் முழுக்கச் சண்டைக்கு நிற்கும் இன்னொரு ஆண். இன்னொரு பச்சோந்தியையே பக்கத்துக் கூண்டில் வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம், நடுவில் அட்டை வையுங்கள். ஒரே கூண்டில் இரண்டு என்பது எந்நாளும் கூடாது.

உயரமும் முக்கியம். நம் தலைக்கு மேலே இருக்கும்போதுதான் அதற்கு நிம்மதி. தரையில் வைத்த கூண்டை உறுதியான மேசைமேல் ஏற்றி, அதன் உச்சிக் கிளை நம் கண்மட்டத்துக்கு மேலே வருமாறு செய்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். கூண்டின் மூன்று பக்கத்தையும் மூடுங்கள், பழைய வேட்டித் துணி போதும். உள்ளே மணி பிளாண்ட், செம்பருத்தி, ஃபைகஸ் என்று அடர்த்தியாக வையுங்கள். "அப்புறம் எனக்கே தெரியாதே" என்பீர்கள். உங்களுக்குத் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அது தெரிகிற இடத்துக்கு வரும்.

செய்யக் கூடாதது: இவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்வது. கூண்டை நகர்த்தினீர்களா, இரண்டு நாள் விடுங்கள். நோட்டில் எழுதுங்கள். அப்புறம் அடுத்தது.

அறிகுறி: நிற்காமல் அலைகிறது, வலையில் ஏறித் தலைகீழாகத் தொங்குகிறது

வந்து இரண்டு மூன்று நாள் கூண்டை அளந்து பார்ப்பது இயல்பு. அதற்கு மேலும் காலை முதல் மாலை வரை வலையைப் பிராண்டினால் அங்கிருந்து தப்பிக்கப் பார்க்கிறது. எந்த இடத்தில் பிராண்டுகிறது என்பதைக் கவனியுங்கள், விடை அங்கேயே இருக்கும்.

மேல் வலையில் விளக்கை ஒட்டித் தொங்குகிறதென்றால் கீழே சூடோ ஒளியோ போதவில்லை. அல்லது அந்த உயரத்தில் நல்ல கிளை இல்லாமல் வலையையே கிளையாக்கிக்கொண்டது. இதில் ஆபத்து உண்டு. முதுகும் கொண்டையும் சுட்டுப்போகிற சூட்டிலும் அது நகராமல் இருந்துவிடும். விளக்கை வலைக்கு மேலே பத்துப் பதினைந்து செ.மீ. தூக்கிக் கட்டுங்கள்; படுக்கைவாட்டில் ஒரு கிளையைச் சரியான தூரத்தில் கொடுங்கள். கிளையின் பருமன் கால் விரல்கள் சுற்றிப் பிடிக்கிற அளவு இருக்க வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக் கொடியை நான் நம்புவதில்லை, கொய்யாக் கிளை ஒன்றை வெட்டிக் கழுவிக் காயவைத்துக் கட்டினால் அதற்கு ஈடில்லை.

கீழே, தரை ஓரமாக அலைந்தால் மேலே சூடு தாங்கவில்லை. ஒரே ஒரு பக்கத்தை மட்டும் பிராண்டினால் அந்தப் பக்கம் எதையோ பார்க்கிறது: ஜன்னலுக்கு வெளியே மரம், அல்லது எதிரில் கண்ணாடி. அந்தப் பக்கத்தை மூடுங்கள். வலையில் தொங்கித் தொங்கி நகம் பிய்ந்துவிட்டால் அந்த இடம் வீங்குகிறதா என்று ஒரு வாரம் பார்த்துவாருங்கள்.

அலைவது பெண்ணாக இருந்தால் வேறு கணக்கு.

அறிகுறி: பெண், தரையில் சுற்றுகிறது, மண்ணைத் தோண்டப் பார்க்கிறது

குதிகாலில் முள் இல்லை, ஐந்தாறு மாதமாவது ஆகியிருக்கிறது என்றால் முட்டை வந்திருக்கலாம். "ஆணே கிடையாதே சார்" என்று பலர் வாதாடுவார்கள். கோழி சேவல் இல்லாமலே முட்டை இடவில்லையா? அதே மாதிரிதான். உடம்பில் நீலப் புள்ளியும் மஞ்சள் திட்டும் தோன்றும், வயிற்றுப்புறம் உருண்டை உருண்டையாகத் தெரியும், சாப்பாடு குறையும், தண்ணீர் அதிகம் குடிக்கும்.

ஓர் ஆழமான பிளாஸ்டிக் தொட்டியில் 30 செ.மீ. உயரத்துக்குக் கழுவிய ஆற்று மணலை நிரப்புங்கள். சுரங்கம் தோண்டினால் இடியாத அளவுக்கு ஈரம் வேண்டும். கூண்டுக்குள் வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் துணியால் மூடிவிடுங்கள். தோண்டும்போது ஆள் பார்க்கிறதென்று தெரிந்தால் பாதியில் விட்டுவிடும். முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. பெண் வாங்கியவர்கள் முட்டை வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே இந்தத் தொட்டியை வைத்துவிடுங்கள். அளவுக்கு மேல் ஊட்டிச் சூட்டிலும் வைத்தால் முட்டையின் எண்ணிக்கை ஏறும், ஒவ்வோர் ஈடும் அதன் ஆயுளில் கைவைக்கும்.

அறிகுறி: சாப்பிட மாட்டேன் என்கிறது

வளர்ந்த பச்சோந்தி ஒரு வாரம் சாப்பிடாவிட்டாலும் நீங்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டி மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கவலைப்படலாம்.

முதலில், அது நிஜமாகவே சாப்பிடவில்லையா? நீங்கள் எதிரே நின்றுகொண்டு பார்த்தால் சாப்பிடாது. கிண்ணத்தில் ஐந்து சுவர்க்கோழியை எண்ணிப் போட்டுவிட்டு (பெட் கடையில் கிரிக்கெட் என்று கேளுங்கள்) அறையை விட்டுப் போய்விடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து எண்ணுங்கள். பழைய போன் ஒன்றைக் கேமராவாக்கி வைத்தால் இன்னும் நல்லது. என் நண்பர் ஒருவர் பத்து நாள் புலம்பிவிட்டு அப்படி வைத்துப் பார்த்தார். அவர் ஆபீஸ் கிளம்பிய ஐந்தாம் நிமிடம் நாக்கு பாய்ந்தது.

உண்மையிலேயே சாப்பிடவில்லை என்றால் சூட்டைப் பாருங்கள்; சூடு போதாவிட்டால் செரிக்காது, செரிக்காவிட்டால் பசிக்காது. அடுத்து பூச்சியின் அளவு: இரண்டு கண்ணுக்கும் இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. அடுத்து சலிப்பு. தினமும் உப்புமா போட்டால் நாமும் முகம் திருப்புவோம். டுபியா கரப்பான், பட்டுப்புழு என்று மாற்றிப் பாருங்கள். பச்சைநிறப் பூச்சியென்றால் பல பச்சோந்திகள் பாய்ந்து வரும். ஆனால் வயலில் பிடித்த வெட்டுக்கிளி வேண்டாம், பூச்சிமருந்து அடித்ததாக இருக்கலாம். தோல் உரிக்கும் நாட்களிலும் சாப்பாடு குறையும், அது தானே சரியாகிவிடும்.

மிஞ்சிய பூச்சியைச் சாயங்காலம் எடுத்துவிடுங்கள். இருட்டில் சுவர்க்கோழி பச்சோந்தியைக் கடிக்கும். ராத்திரி தூங்கவிடாமல் கடி வாங்கியது காலையில் எப்படிச் சாப்பிடும்?

வாயைப் பிளந்து ஊட்டவே ஊட்டாதீர்கள். தாடை மெல்லிசு, எலும்பு பலவீனமாக இருந்தால் உடைந்தே போகும். எடை குறைகிறதா என்று வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் ஒரு குச்சியோடு நிறுத்துப் பாருங்கள். தொடர்ந்து இறங்கினால், கழிவு நாற்றமடித்தால், புழு இருக்கலாம். மருத்துவரிடம் புதுக் கழிவைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

அறிகுறி: தண்ணீர் குடிப்பதாகத் தெரியவில்லை

கிண்ணத்துத் தண்ணீர் அதற்குத் தண்ணீராகவே தெரியாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். காலை விளக்குப் போடும் முன் ஒருமுறை, இரவு அணைத்த பின் ஒருமுறை, இரண்டிரண்டு நிமிடம் இலைகள்மேல் மெல்லிய தூவலாகத் தெளியுங்கள், முகத்தில் அடிக்காதீர்கள். பகலில் ஒரு சொட்டுக் குழாய். ஆஸ்பத்திரி டிரிப் செட் மருந்துக்கடையில் கிடைக்கும், ஒரு தண்ணீர் பாட்டிலில் செருகினால் முடிந்தது.

குடிக்கிறதா என்பதைக் கழிவு சொல்லும். எச்சத்தோடு ஒரு வெள்ளைக் கட்டி இருக்கும், அதுதான் சிறுநீர். வெள்ளையாக இருந்தால் கவலையில்லை. நுனியில் கொஞ்சம் மஞ்சள் பரவாயில்லை. முழுக்க ஆரஞ்சு நிறம், கண்ணும் உள்வாங்கியிருக்கிறது என்றால் உடம்பு வறண்டுவிட்டது. தெளிப்பை நீட்டுங்கள், இரண்டு நாளில் மாறவில்லை என்றால் மருத்துவர்.

அறிகுறி: வாயைத் திறந்து வைத்திருக்கிறது

உங்களைப் பார்த்துத் திறக்கிறதா, விளக்கடியில் திறக்கிறதா, காரணமே இல்லாமல் திறக்கிறதா?

உங்களைப் பார்த்து உடம்பை ஊதி, தொண்டையை உப்பி, சீறினால் மிரட்டல். விளக்கடியில் வெளுத்த நிறத்தோடு வாய் பிளந்தால் சூடு தாங்கவில்லை, விளக்கை உடனே அணையுங்கள். குளிர்ந்த பகுதிக்கு இறங்கியும் திறந்தே இருந்தால், மூச்சில் விசில் சத்தமோ பட் பட்டென்று வெடிக்கும் சத்தமோ கேட்டால் நுரையீரலில் தொற்று.

இங்கே நம் வீட்டுக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி, மிளகாய் தாளிக்கும் நெடி. வலைக்கூண்டு எல்லாவற்றையும் உள்ளே விடும். பூஜை அறைக்கும் அடுப்படிக்கும் எட்டத்தில் வையுங்கள். கொசுவை விரட்டும் திரவ இயந்திரமும் அந்த அறையில் வேண்டாம், கொசுவலை போதும்.

அறிகுறி: கண்ணில் ஏதோ கோளாறு

ராத்திரி கண்ணை உப்பிப் பலூன் மாதிரி ஆக்கிக் கிளையில் தேய்த்தால் தூசியை வெளியே தள்ளுகிறது. மறுநாள் காலை சரியாகிவிடும். கூடுதல் நேரம் தெளித்து உதவலாம். ஒரே கண் நாள் முழுக்க மூடியிருந்தால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. நேற்றுத்தான் புது விளக்கு மாட்டினீர்கள், இன்று இரண்டு கண்ணையும் சுருக்குகிறதென்றால் விளக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு கண்ணும் பகலில் மூடினால், மேலே சொன்ன முதல் பட்டியலுக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: கிட்டே போனாலே சீறுகிறது, கடிக்க வருகிறது

இது நோயல்ல. யெமன் பச்சோந்தியின் குணமே கொஞ்சம் முன்கோபம், வயது வந்த ஆண் இன்னும் மோசம். நாய்க்குட்டி மாதிரி மடியில் படுக்கும் என்று யாராவது சொல்லி விற்றிருந்தால் ஏமாந்துவிட்டீர்கள்.

முதல் இரண்டு வாரம் கையை உள்ளே விடுவது தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் சுத்தம் செய்வதற்கும் மட்டும். அதையும் ஒரே நேரத்தில் முடித்துவிடுங்கள். அப்புறம், விரலில் ஒரு பட்டுப்புழுவை வைத்து, கீழிருந்து மெதுவாக நீட்டி, அசையாமல் நில்லுங்கள். மேலிருந்து வரும் கை பருந்து, கீழிருந்து வரும் கை கிளை. எடுக்கவில்லையா, பின்வாங்குங்கள், நாளைக்குப் பார்க்கலாம். கூண்டுக் கதவைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு செடியை நிறுத்தினால் தானாக வெளியே வரும் பச்சோந்திகள் உண்டு. பிடித்து இழுக்கப்பட்ட பச்சோந்தி மட்டும் மறக்காது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஊர்வன சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமியைச் சுமப்பதுண்டு.

இவற்றுக்குப் பயப்பட வேண்டாம்

ராத்திரி தூங்கும்போது வெளிறிப்போய், வெள்ளைக்குப் பக்கமாகத் தெரிவது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்யாதீர்கள்; அந்த டார்ச்தான் தொல்லை. பன்னிரண்டு மணி நேரம் முழு இருட்டு வேண்டும், சிவப்பு விளக்குகூட வேண்டாம். நடக்கும்போது முன்னும் பின்னும் ஆடி ஆடி அடியெடுத்து வைப்பது: காற்றில் ஆடும் இலை வேஷம். உங்களைக் கண்டதும் கிளையின் மறுபக்கம் திரும்பித் தட்டையாகிக்கொள்வது. சாம்பல் நிறத் தோல் திட்டுத்திட்டாக உரிவது, பிய்த்துவிடாதீர்கள். வைத்த மணி பிளாண்டைத் தின்பது. யெமன் பச்சோந்தி இலையும் தின்னும், அடுத்த தொட்டிச் செடியை வாங்கி வையுங்கள்.

மருத்துவரிடம் கொண்டுபோக நேர்ந்தால்

கண்ணாடி டப்பாவில், எல்லோரும் பார்க்கும்படி எடுத்துப் போகாதீர்கள். மூடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே குறுக்காக உறுதியாகச் சொருகிய ஒரு குச்சி, அடியில் ஈரத்துணி. இருட்டாக இருந்தால் அது அமைதியாகிவிடும். வெயிலில் நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விடக் கூடாது. கூடவே அன்றைய கழிவைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். கூண்டு முழுதும் தெரிய ஒரு படம், விளக்குகளின் மேல் எழுதியிருக்கும் எண்கள் தெரிய ஒரு படம், கால்சியம் டப்பாவின் பின்பக்கம் ஒரு படம் வேண்டும். அந்த நோட்டும் கையில் இருக்கட்டும். எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள், அன்று மத்தியானம் என்ன நிறம், எத்தனை பூச்சி தின்றது என்று அதில் இருந்தால் மருத்துவர் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு விடை அதிலேயே கிடைத்துவிடும்.